ஆர்னிகா: தடவலாம், விழுங்கக் கூடாது

போன இதழில் கணுக்கால் சுளுக்கைப் பற்றி எழுதியபோது, ஐஸ் ஒத்தடம், கட்டு, ஓய்வு என்று சொல்லிவிட்டு, ‘வேண்டுமானால் ஆர்னிகா ஜெல் தடவிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். கல்லூரியில் மூலிகை மருந்தியல் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்தே எனக்குப் பிடித்த செடி இது. சரியாகப் பயன்படுத்தினால் ஓரளவு உதவும். தப்பாகப் பயன்படுத்தினால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு ஆர்னிகாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மேடம், எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் ஆர்னிகா என்ற பெயரில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒரு ஜெல், 30சி என்று எழுதிய சர்க்கரை உருண்டை, பழுப்பு நிறத்தில் ஒரு தாய்த் திரவம். மூன்றும் ஒன்றுதானா? ஒன்று இல்லாதபோது இன்னொன்றைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வெவ்வேறு.

மருந்துக்கு எடுப்பது ஆர்னிகா மொண்டானா என்ற செடியின் பூ. சாமந்தி, சூரியகாந்தி குடும்பத்தைச் சேர்ந்தது, ஐரோப்பாவின் மலைப் புல்வெளிகளில் வளர்வது. பூவை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறுதான் நல்ல ஜெல்களில் சேர்கிறது. அதில் ஹெலினாலின் என்ற பொருளும் அதன் உறவுக்காரப் பொருள்களும் இருக்கின்றன. வீக்கத்தைத் தணிப்பதாகச் சொல்லப்படுவதும் அவைதான், உள்ளே போனால் விஷமாவதும் அவைதான்.

30சி என்ற ஹோமியோபதி உருண்டை வேறு கதை. சாற்றில் ஒரு பங்கை 99 பங்கு திரவத்தில் கலந்து குலுக்குவார்கள். அந்தக் கலவையில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலப்பார்கள். இப்படி 30 தடவை. ஒன்றுக்குப் பின்னால் 60 பூஜ்யங்கள் போட்டால் எவ்வளவு வருமோ அவ்வளவு நீர்த்தது. அவகாட்ரோ எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால், 12 தடவையைத் தாண்டும்போதே மூலச்சாற்றின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருப்பது அரிது. ஆகவே அந்த உருண்டையில் ஆர்னிகாவால் வரும் கெடுதல் இல்லை, ஆர்னிகாவும் இல்லை.

எனக்குக் கவலை தருவது உங்கள் மூன்றாவது பாட்டில்தான். தாய்த் திரவம் என்பது நீர்க்காத முழுச் சாறு. ‘உருண்டையைச் சாப்பிடலாம் என்றால் இதிலும் பத்துச் சொட்டுத் தண்ணீரில் விட்டுக் குடிக்கலாம்தானே’ என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த பாட்டிலின் மேல் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று இன்றைக்கே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒத்தடத்துக்கு என்றாலும் அப்படியே ஊற்றக் கூடாது. ஒரு பங்கு பூவுக்குப் பத்துப் பங்கு ஆல்கஹால் என்ற கணக்கில் எடுத்த சாறாக இருந்தால், அதை மூன்று முதல் பத்து மடங்கு வரை தண்ணீரில் நீர்த்து, துணியில் நனைத்துப் போட வேண்டும். நீர்க்காமல் போட்டால் தோல் கொப்பளிக்கும்.

ஜெல் வாங்கும்போதும் ஓர் எண்ணைக் கவனியுங்கள். ‘ஹோமியோபதி’ என்று அச்சிட்டிருந்தாலும், பக்கத்தில் 1எக்ஸ் என்றிருந்தால் பத்தில் ஒரு பங்கு என்று பொருள். அதில் செடி நிஜமாகவே இருக்கிறது. 6எக்ஸ் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. குழாயைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: அடிபட்டுக் கன்றிப்போன இடத்தில் ஆர்னிகா தடவினால் சில நாளில் பச்சையாகி, மஞ்சளாகி, மறைந்துவிடுகிறது. என் கணவரோ, ‘தடவாவிட்டாலும் மறையும்’ என்கிறார். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பதில்: நிறம் மாறுவதைப் பொறுத்தவரை உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. அடிபட்ட இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்து ரத்தம் தோலுக்கு அடியில் கசிகிறது. முதலில் சிவப்பு, பிறகு நீலமும் ஊதாவும். உடம்பின் துப்புரவுச் செல்கள் அங்கே வந்து சிவப்பணுக்களை விழுங்கி, ஹீமோகுளோபினை உடைக்கின்றன. முதலில் உண்டாகும் பிலிவர்டின் பச்சை நிறம். அது பிலிருபினாக மாறும்போது மஞ்சள். மிஞ்சிய இரும்பு கொஞ்ச நாள் பழுப்பாகத் தங்கும். சாதாரண அடி என்றால் இரண்டு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நீங்கள் பார்த்த பச்சையும் மஞ்சளும் இந்த வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். எதுவும் தடவாதவர்களுக்கும் இதே வரிசையில்தான் மாறும்.

ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. தடவினால் கொஞ்சம் சீக்கிரம் மறையுமா, வலி குறையுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரே ஆள்மேல் செய்த அனுபவம் போதாது. தடவிய இடத்தையும் தடவாத இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பார்ப்பவருக்கு எது எது என்று தெரியக் கூடாது. 2010-இல் அப்படி ஓர் ஆய்வு வந்தது. 16 பேருக்கு லேசரால் சின்னச் சின்னக் கன்றல்களை உண்டாக்கி, 20 சதவீத ஆர்னிகாக் களிம்பையும் வேறு களிம்புகளையும் தடவினார்கள். ஆர்னிகா தடவிய இடம், வெறும் பெட்ரோலியம் ஜெல்லி தடவிய இடத்தைவிடச் சீக்கிரம் தெளிந்தது. நல்ல செய்திதான். ஆனால் 16 பேர் என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. 20 சதவீதம் என்பதும் வலுவான அளவு. அதே 2010-இல் வந்த இன்னோர் ஆய்வில், கெண்டைக்கால் தசைக்கு அலுக்க அலுக்கப் பயிற்சி கொடுத்துவிட்டு 53 பேரிடம் வலியை அளந்தார்கள். மறுநாள் ஆர்னிகா தடவிய காலில்தான் வலி கூடுதலாக இருந்தது!

நான் அதிகம் மதிப்பது 2007-இல் வெளிவந்த ஆய்வை. விரல் மூட்டுகளில் தேய்மானம் உள்ள 204 பேர். பாதிப் பேருக்கு ஆர்னிகா ஜெல், மீதிப் பேருக்கு 5 சதவீத இபுபுரூஃபன் ஜெல். 21 நாள் தடவினார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வலி குறைவதிலும், கை வேலை செய்வதிலும் இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்தன. இதற்கு அடிப்படை என்ன என்றும் ஓரளவு தெரியும்: உடம்பில் அழற்சியைக் கிளப்பிவிடும் என்.எஃப். கப்பா-பி என்ற புரதத்தை ஹெலினாலின் நேரடியாகப் பிடித்து முடக்குகிறது என்று 1998-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் அந்த 2007 ஆய்வில் மருந்தே இல்லாத வெறும் ஜெல்லைத் தடவிய மூன்றாவது குழு இல்லை. தடவித் தேய்ப்பதாலேயே எவ்வளவு வலி குறைந்தது என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

தீர்ப்பு கேட்டீர்கள். விரல் மூட்டு வலிக்கு, மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் தயங்காமல் முயன்று பார்க்கலாம். கன்றலுக்கும் சுளுக்குக்கும் மனசுக்கு ஆறுதலாக இருந்தால் தடவுங்கள்; ஆனால் அடிபட்ட முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸை 10, 15 நிமிடம் வைப்பதும், காலை உயர்த்தி வைப்பதும் ஆர்னிகாவுக்கு முன்னால் வர வேண்டியவை. மெல்லிய பூச்சாக ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை போதும். மூன்று நாலு நாளில் குறையவில்லை என்றால் ஜெல்லை மாற்றாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: ஜெர்மன் கவிஞர் கதே தள்ளாத வயதில் நெஞ்சு நோவுக்கு ஆர்னிகா டீ குடித்தார் என்று படித்தேன். எனக்கும் படியேறினால் நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது. காய்ந்த பூ கிடைக்கிறது. குடித்துப் பார்க்கலாமா?

பதில்: ஐயா, பூவைத் தூக்கி எறிந்துவிட்டு இதய டாக்டரிடம் போங்கள். இந்த இதழ் உங்கள் கையில் கிடைக்கும்போது இன்னும் போகவில்லை என்றால், படித்து முடித்ததும் கிளம்புங்கள். படியேறும்போது நெஞ்சு இறுகி, உட்கார்ந்தால் சரியாகிறது என்றால் இதயத் தமனியில் அடைப்பு இருக்கலாம். ஓய்வாக இருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, கை தாடை வரை வலி பரவினாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

கதேயின் காலத்தில் ஈ.சி.ஜி. கிடையாது, ஆஞ்சியோகிராம் கிடையாது. இருந்ததைக் கொடுத்தார்கள். ஹெலினாலின் வயிற்றுச் சவ்வைப் புண்ணாக்கி வாந்தி, பேதி உண்டாக்கும். அளவு கூடினால் மூச்சுத் திணறும், இதயத் துடிப்பு தடம் மாறும். ஏற்கெனவே தடுமாறும் இதயத்துக்கு அதைக் கொடுப்பதா? மூலிகைகளை மதிப்பிட ஜெர்மன் அரசு அமைத்த ‘கமிஷன் ஈ’ குழு 1984-இல் ஆர்னிகாப் பூவை ஏற்றுக்கொண்டது, வெளிப்பூச்சுக்கு. ஐரோப்பிய மருந்துகள் முகமையும் நீண்டகாலப் பயன்பாட்டின் அடிப்படையில் தோலில் தடவ மட்டுமே ஏற்றிருக்கிறது. இந்த டீ விஷயத்தில் நான் யாருக்கும் விலக்குத் தரமாட்டேன்.

கேள்வி: முட்டியில் ஆர்னிகா தடவிய மறுநாள் சிவந்து, அரிப்பெடுத்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் வந்தது. ‘நோய் வெளியே வருகிறது, தொடர்ந்து தடவு’ என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

பதில்: நோய் வெளியே வரவில்லை. ஒவ்வாமை வந்திருக்கிறது. உடனே நிறுத்துங்கள், சோப்பும் தண்ணீரும் போட்டு மெதுவாகக் கழுவுங்கள், சொறியாதீர்கள். கொப்புளம் பரவினாலோ நீர் வடிந்தாலோ தோல் டாக்டர் பார்க்கட்டும்.

ஆர்னிகாவின் வேலைக்காரப் பொருளே தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை உள்ளது. அதை வேற்றாளாக உடம்பு ஒரு தடவை குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த தடவை பட்டதும் படையெடுக்கும். அதே குடும்பத்துச் செடிகளிலும் இதே வகைப் பொருள்கள் உண்டு. சாமந்தி, கெமோமில், பார்த்தீனியம் இவற்றில் எதைத் தொட்டாலாவது உங்களுக்கு அரிப்பு வந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். வந்திருந்தால் ஆர்னிகா உங்களுக்கு ஆகாது, எந்தக் கம்பெனிக் குழாயாக இருந்தாலும். மற்றவர்களும் முதல் தடவை வாங்கியதும் வலிக்கிற இடத்தில் அப்பிவிடாமல், முழங்கையின் உள்மடிப்பில் பொட்டு அளவு தடவி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: தோல் கிழிந்த இடம், சிராய்ப்பு, தையல் போட்ட இடம், கண்ணைச் சுற்றி, வாய் ஓரம், இங்கெல்லாம் தடவவே கூடாது. தோல் என்ற தடுப்பு இல்லாத இடத்தில் தடவினால் பாதி விழுங்கியதற்குச் சமம்.

கேள்வி: என் நாலு வயதுப் பேரன் கட்டிலிலிருந்து விழுந்து நெற்றியில் புடைத்துக்கொண்டது. ஆர்னிகா உருண்டை நாலு கொடுத்துத் தூங்க வைத்தேன். இப்போது நன்றாக இருக்கிறான். இனியும் இப்படிச் செய்யலாமா?

பதில்: குழந்தை நன்றாக இருப்பது சந்தோஷம் அம்மா. அந்த உருண்டையால் கெடுதல் வந்திருக்காது. ஆனால் தலையில் அடிபட்டால் உருண்டையைத் தேடுவதற்கு முன்னால் குழந்தையைப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில் இல்லாமை, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தெளிந்த நீர் வடிதல், கொஞ்ச நேரம் நினைவு தப்புதல்: இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. எதுவும் இல்லை என்றால் அன்று முழுக்கக் கண்ணிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தூங்கட்டும், ஆனால் இடையிடையே தொட்டு எழுப்பி முழிக்கிறானா, உங்களை அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். புடைப்புக்கு ஐஸ் ஒத்தடம் போதும். சாறு சேர்ந்த ஜெல்லை 12 வயதுக்குக் கீழே பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: அடுத்த மாதம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். முன்கூட்டியே ஆர்னிகா 200 என்ற ஹோமியோபதி உருண்டை சாப்பிட்டால் வீக்கமும் ரத்தக்கட்டும் வராது என்கிறார்கள்.

பதில்: 1998-இல் எர்ன்ஸ்ட், பிட்லர் என்ற இரு ஆய்வாளர்கள், ஹோமியோபதி ஆர்னிகாவைச் சோதித்த 8 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட மேலான பலன் என்று சொல்ல இடமில்லை என்பதே அவர்கள் முடிவு. உருண்டையால் ஆபரேஷனுக்குத் தொந்தரவு வராது. நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகள்தான் எனக்கு முக்கியம். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை, மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை என்று எது இருந்தாலும் ஒன்று விடாமல் எழுதி மயக்க டாக்டர் கையில் கொடுங்கள்.

கேள்வி: ஆர்னிகா தலைமுடி எண்ணெய் தேய்த்தால் முடி வளருமா? எங்கள் நாய்க்குக் கால் சுளுக்கு, அதற்கும் ஜெல் தடவலாமா?

பதில்: ஐரோப்பிய முகமை ஏற்ற பயன்கள் மூன்று: கன்றல், சுளுக்கு, ஓரிடத்துத் தசைவலி. முடி அதில் இல்லை. தலையில் அரிப்பு வந்தால் எண்ணெயை நிறுத்துங்கள். நாய்க்குத் தடவாதீர்கள், நக்கி விழுங்கிவிடும்.

கேள்வி: இணையத்தில் காய்ந்த ஆர்னிகாப் பூ வாங்கி நானே எண்ணெய் தயாரிக்க ஆசை. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பொட்டலத்தில் ஆர்னிகா மொண்டானா என்று முழுப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மெக்சிகோ ஆர்னிகா என்று விற்பது ஹெட்டரோதீக்கா என்ற வேறு செடி. அதே மஞ்சள், அதே குடும்பம், ஆனால் நான் மேலே சொன்ன ஆய்வுகள் அதைப் பற்றியவை அல்ல.

பூவை ஒரு தட்டில் கொட்டி, கைலென்ஸ் இருந்தால் அதை வைத்துப் பாருங்கள். வகுப்பில் மாணவர்களுக்கு நான் காட்டும் அடையாளம் இரண்டு. ஓரத்து இதழின் நுனியில் மூன்று பற்கள் இருக்கும். பூத்தலையில் நெருங்கி நிற்கும் ஒவ்வொரு குறும்பூவின் அடியிலும் வெளுத்த மயிர்கள் குச்சம் போல நிற்கும். செவ்வந்தி என்று சிலர் சொல்லும் காலெண்டுலாவை ஆர்னிகா என்று கலந்துவிட்டால் இந்த மயிரே இருக்காது. மூக்குக்கு நேரே வைத்து ஊதாதீர்கள். அந்த மயிர் பறந்து தும்மல் பிடித்துக்கொள்ளும். பொட்டலத்தில் குத்துக் குத்தாகக் குட்டி ஓட்டைகளோ கருப்புப் புழுக்கூடுகளோ தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். ஆர்னிகாப் பூத்தலைக்குள்ளேயே முட்டையிடும் ஓர் ஈ உண்டு.

ஒரு பங்கு காய்ந்த பூவுக்கு ஐந்து பங்கு தாவர எண்ணெய் என்பது பழைய கணக்கு. அந்த எண்ணெயைக் களிம்பில் 15 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. நீங்களே செய்யும்போது பூவில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது.

காட்டுப்பூவா, பயிரிட்டதா என்றும் விற்பவரைக் கேளுங்கள். சத்துக் குறைந்த, புளிப்பு மண்ணில்தான் இந்தச் செடி நிற்கும். புல் நன்றாக வளர வேண்டும் என்று சுண்ணாம்பும் உரமும் போட்ட மேய்ச்சல் நிலங்களில் ஆர்னிகா ஒதுங்கி அழிந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992 வாழிடச் சட்டத்தில் இதன் பறிப்பைக் கட்டுப்படுத்தலாம் என்ற பட்டியலில் இது இருக்கிறது. பிரான்ஸின் வோஷ் மலையில் மார்க்ஸ்டைன் என்ற இடத்தில் பூ பறிப்பவர்களும் விவசாயிகளும் மருந்துக் கம்பெனிகளும் உட்கார்ந்து பேசி, எந்த நிலத்தில் சுண்ணாம்பு போடுவதில்லை, எப்போது பறிப்பது என்று ஒப்பந்தம் செய்து காப்பாற்றுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. பயிரிட்ட பூ கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கேள்வி: எங்கும் இடித்துக்கொள்ளவே இல்லை. ஆனாலும் தொடையிலும் கையிலும் ஊதா ஊதாவாகக் கன்றல் வருகிறது. ஆர்னிகா தடவத் தடவப் புதிதாக வேறு இடத்தில் வருகிறது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தமும் வருகிறது.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே தனியாகப் பதில் அனுப்பினேன், இதே நிலையில் இன்னொருவர் இருந்தால் அவருக்காக இங்கேயும் எழுதுகிறேன். அடிபடாமல் வரும் கன்றலுக்கு ஆர்னிகாவில் வேலை இல்லை. ரத்தத்தட்டுகள் குறைந்திருக்கலாம், கல்லீரல் சரியில்லாமல் இருக்கலாம், சாப்பிடும் மாத்திரையின் விளைவாக இருக்கலாம், அதைவிடத் தீவிரமான ரத்த நோயாகவும் இருக்கலாம். ஈறில் ரத்தமும் சேர்ந்து வருவதால் நாள் தள்ளாதீர்கள். இன்றே டாக்டரிடம் போய், முழு ரத்த அணுக்கள் பரிசோதனையும் ரத்தம் உறையும் நேரமும் பார்க்கச் சொல்லுங்கள். கன்றல்களைத் தேதியோடு செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கடந்த இரண்டு மாதத்தில் வாயில் போட்ட ஒவ்வொரு மாத்திரையின் அட்டையையும், அந்த ஆர்னிகாக் குழாயையும் சேர்த்து ஒரு பையில் எடுத்துப் போங்கள்.